பதினோரு ரூபாய்ச் சிப்பாய்: மதராஸ் பட்டாளத்துக்காரரின் போரும் போருக்குப் பிந்தைய வாழ்வும்

1914இல் பிரிட்டிஷ் இந்தியக் காலாட்படைச் சிப்பாய்க்கு மாதச் சம்பளம் 11 ரூபாய். "அந்தக் காலத்தில் அது பெரிய பணம்" என்று சொல்லிக் கடந்துவிடுவார்கள். அப்படியொன்றும் பெரிய பணமில்லை. சாப்பாட்டுச் செலவு சிப்பாயுடையது. அரிசி, பருப்பு, விறகு எல்லாவற்றையும் ரிஜிமென்ட் பஜாரில் பற்று வைத்து வாங்க வேண்டும். சம்பள நாளில் பிடித்துக்கொள்வார்கள். தானிய விலை ஓர் எல்லையைத் தாண்டினால் மட்டும் மிச்சத்தை அரசு ஈடுகட்டும். சேரும்போது உடுப்புக்கு ஒரு தொகை உண்டு. அதற்குப் பிறகு தேய்வதும் கிழிவதும் பெரும்பாலும் கைக்காசு. இலவச ரேஷன் 1917 ஜனவரியில்தான் வந்தது, அதுவும் ஆள் கிடைப்பது கடினமான பிறகு.

பிறகு எதற்குச் சேர்ந்தார்கள்? மாதா மாதம் வரும் என்பதற்காக. செங்கல்பட்டிலோ வட ஆற்காட்டிலோ நிலமில்லாத குடும்பத்துக்குக் கூலி நடவிலும் அறுப்பிலும் வரும். பாதி தானியமாக வரும். மழை பொய்த்தால் வராது. பட்டாளத்துச் சம்பளம் மழையைப் பார்க்காது. அதைவிட முக்கியம், குறிப்பிட்ட ஆண்டுகள் பணி முடித்தால் சாகும்வரை பென்ஷன். கிராமத்தில் மாதாமாதம் ரொக்கம் பார்க்கும் ஆட்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள். பென்ஷன்காரர் அவர்களில் ஒருவர்.

மதராஸ் சிப்பாயின் வாழ்க்கையைப் புரிந்துகொள்ள இந்தப் பென்ஷன் கணக்குதான் சாவி. பென்ஷன் ஆண்டுக்கணக்கைப் பொறுத்தது. ஆண்டுக்கணக்கு அவருடைய படைப்பிரிவு எத்தனை காலம் கலைக்கப்படாமல் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. அதை முடிவு செய்தவர்கள் படைத் தலைமையகம் இருந்த சிம்லாவில் இருந்தார்கள். குண்டு பட்டுச் செத்தவர்களைப் பற்றி நாம் ஓரளவு பேசுகிறோம். படைப்பிரிவு கலைக்கப்பட்டு வெறுங்கையோடு ஊர் திரும்பியவர்களைப் பற்றிப் பேசுவதே இல்லை. மதராஸ் மாகாணத்தைப் பொறுத்தவரை இரண்டாம் வகைதான் அதிகம்.

ஆளைப் பிடிப்பதற்கு முன் சாதியைப் பிடித்தார்கள்

கிழக்கிந்தியக் கம்பெனியின் தென்னிந்திய வெற்றிகளை மதராஸ் படை வாங்கிக் கொடுத்தது. கடல் தாண்டுவதில் வங்காளப் படை தயங்கிய காலத்தில் மதராஸ் சிப்பாய்கள் 1811இல் ஜாவாவுக்கும், 1824இல் பர்மாவுக்கும், 1840இல் சீனாவுக்கும் கப்பல் ஏறினார்கள். 1857 கலகத்திலும் மதராஸ் படை பெருமளவு கம்பெனி பக்கமே நின்றது. இத்தனைக்கும் பிறகு 1880களில் அதன் கதவு மூடத் தொடங்கியது.

மூடியவர்களில் முக்கியமானவர் ஃபிரெடரிக் ராபர்ட்ஸ். 1880களின் முற்பாதியில் மதராஸ் படைத் தளபதியாகவும், 1885 முதல் 1893 வரை இந்தியத் தலைமைத் தளபதியாகவும் இருந்தவர். தெற்கில் நீண்டகாலமாகப் போர் இல்லை, ஆகவே தென்னிந்தியர் போர்க்குணம் இழந்துவிட்டார்கள் என்பது அவர் வாதம். சீக்கியர், பட்டாணியர், நேபாளக் கூர்க்காக்கள், பஞ்சாப் முஸ்லிம்கள் போன்றோரே "போர்ச் சாதிகள்" என்ற கொள்கை இப்படித்தான் அரசாங்க நடைமுறையானது. ரஷ்யா வடமேற்கிலிருந்து வரும் என்ற அச்சம் அப்போது இருந்தது. படையை எல்லைக்குப் பக்கத்திலேயே திரட்டுவது செலவு குறைவு. போர்க்குணம் என்ற பேச்சுக்குள் இந்தச் சிக்கனமும் ஒளிந்திருந்தது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. தமிழ், தெலுங்குப் பட்டாலியன்கள் பல ஒவ்வொன்றாகக் கலைக்கப்பட்டன. சில பட்டாலியன்களில் பெயரில் மட்டும் மதராஸ் இருக்க, ஆட்கள் பஞ்சாபிலிருந்து வந்தார்கள். 1895இல் மாகாணப் படைகள் என்ற ஏற்பாடே ஒழிந்தது.

தப்பியது பெங்களூரில் இருந்த மதராஸ் சாப்பர்ஸ் அண்ட் மைனர்ஸ். 1780இல் தொடங்கிய இந்தப் பொறியியல் படைக்குப் போர்ச் சாதிக் கணக்கு செல்லுபடியாகவில்லை; பாலம் கட்டவும், கிணறு வெட்டவும், வெடி வைக்கவும் தெரிந்த ஆள் வேண்டும். தமிழர், தெலுங்கர், கிறிஸ்தவர், தென்னிந்திய முஸ்லிம்கள் இதில் இருந்தார்கள். பறையர் சமூகத்தவர் கணிசமாக இருந்தார்கள் என்பது அன்றைய தென்னிந்தியாவில் சாதாரண விஷயமல்ல. தச்சு, கொல்லு, கொத்து தெரிந்தவருக்குத் தொழில் படி தனியாகக் கிடைக்கும். ஒரே கம்பெனியில் ஒரே சமையல், ஒரே குழாய்த் தண்ணீர். படையில் இவர்களுக்கு "தம்பி" என்று பெயர். கம்பி வேலிகளைத் தகர்க்கும் நீளக் குழாய் வெடி 1912இல் இங்கேதான் உருவானது. உலகமெங்கும் அதற்கு இன்றும் பெங்களூர் டார்பிடோ என்றே பெயர்.

மதராஸ் படைக்கு இன்னொரு தனிக் குணம்: குடும்பம் கூடவே வரும். வடக்கில் சிப்பாய் மனைவியை ஊரில் விட்டுவிட்டு லீவில் போய்ப் பார்ப்பார். மதராஸ் ரிஜிமென்ட் இடம் மாறினால் மனைவி, பிள்ளை, மாமியார் எல்லாரும் பின்னால் கிளம்புவார்கள். லைனில், அதாவது சிப்பாய்க் குடியிருப்பு வரிசையில், பிறந்த பையன்களையும், இறந்த சிப்பாயின் பிள்ளைகளையும் சிறு தொகை கொடுத்துப் படையின் பட்டியலிலேயே வைத்திருக்கும் பழைய வழக்கமும் இருந்தது. "பென்ஷன் பாய்" என்பார்கள். வயது வந்ததும் அவன் சிப்பாய். ஒரு பட்டாலியனைக் கலைத்தபோது எழுநூறு எண்ணூறு பேரின் வேலை மட்டும் போகவில்லை. லைன் வீடுகளில் இரண்டு மூன்று தலைமுறையாக இருந்த ஒரு குடியிருப்பே தெருவுக்கு வந்தது.

சேரும் நாளில் எழுதப்படும் தாள்

ஆள் சேர்ப்பு என்றால் தண்டோரா, விளம்பரம் என்று நினைக்க வேண்டாம். அமைதிக் காலத்தில் லீவில் ஊருக்குப் போகும் அவில்தாரிடமோ நாயக்கிடமோ "திரும்பி வரும்போது நல்ல பையன்கள் இரண்டு பேரைக் கூட்டிவா" என்று சொல்லி அனுப்புவார்கள். அவர் தம்பியையோ மைத்துனனையோ பக்கத்துத் தெருப் பையனையோ கூட்டிவருவார். அவர்கள் தப்பு செய்தால் அவர் தலை குனிய வேண்டும். இதனால் ஒரு கம்பெனியில் பாதிப் பேர் நாலைந்து ஊர்க்காரர்களாக இருப்பார்கள். அமைதிக் காலத்தில் இது பலம். போரில் ஒரே நாளில் ஒரே ஊருக்குப் பல சாவோலை.

டாக்டர் பார்ப்பார்: உயரம், மார்பளவு, கண், பல், பாதம். பிறந்த தேதி தெரிந்தவர் குறைவு. வயது ஏறத்தாழ மதிப்பிட்டு எழுதப்படும். பிறகு 1911ஆம் ஆண்டு இந்திய ராணுவச் சட்டத்தின்படி கேள்விகள்: பெயர், தகப்பன் பெயர், கிராமம், தாலுகா, ஜில்லா, சாதி, மதம், முன்பு படையில் இருந்தாயா, அம்மை குத்திக்கொள்ளச் சம்மதமா, நிலம் வழியோ கடல் வழியோ எங்கே அனுப்பினாலும் போகச் சம்மதமா. கையெழுத்து அல்லது பெருவிரல் ரேகை. பயிற்சி முடிந்த பிறகுதான் சத்தியப் பிரமாணம்.

இந்தத் தாள்களில் விழும் சிறு பிழைகள் நாற்பது ஆண்டு கழித்துக்கூடக் குடும்பத்தைக் கடிக்கும். முதல் பிழை பெயர். முனிசாமி, பெருமாள், சின்னப்பன், அந்தோணி என்று ஒற்றைப் பெயரில் ஒரே கம்பெனியில் பலர் இருப்பார்கள். குமாஸ்தா காதில் விழுந்தபடி ஆங்கிலத்தில் எழுதுவார். அடுத்த பட்டியலில் வேறு எழுத்துக்கூட்டல் வரும். ஆளைப் பிரித்துக் காட்டுவது எண் மட்டும்தான். அந்த எண்ணும் அந்தப் படைப்பிரிவுக்குள் மட்டுமே செல்லும். 1450 என்ற எண் பாளையங்கோட்டைப் பட்டாலியனிலும் இருக்கும், சாப்பர்ஸிலும் இருக்கும்.

இரண்டாவது, வாரிசு. சிப்பாயின் உறவினர் விவரம் தனிப் பட்டியலில் ஏறும். பதினெட்டு வயதில் சேரும்போது கல்யாணம் ஆகியிருக்காது. தகப்பன் பெயரையோ அண்ணன் பெயரையோ கொடுப்பார். பிறகு கல்யாணமாகும். கிராம முன்சீப்பிடம் சான்று வாங்கிப் படை அலுவலகத்தில் சேர்த்துத் திருத்த வேண்டும். அதைச் செய்யாமல் கப்பலேறிப் போனவர் பலர். அவர் திரும்பாவிட்டால் மனைவி முதலில் "நான்தான் மனைவி" என்று நிரூபிக்க வேண்டும். எதிர்த்தரப்பு பெரும்பாலும் கணவரின் அண்ணன்தான்.

கப்பலேறியபின்

1914 ஆகஸ்டில் முதல் உலகப்போர் வந்ததும் மூடியிருந்த கதவு கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்தது. போர் முடியும்போது மதராஸ் மாகாணத்திலிருந்து போரிடும் பணிக்கு 51,000க்கும் மேற்பட்டவர்களும், சுமைகூலி, சமையல், தோட்டி, கழுதை ஓட்டுதல் போன்ற பணிகளுக்கு 41,000க்கும் மேற்பட்டவர்களும் எடுக்கப்பட்டிருந்தார்கள். பஞ்சாபின் மொத்தம் 4,46,000க்கும் மேல். மதராஸின் பங்கு சிறியதுதான், ஆனால் அதில் கூலிப்பணிகளின் விகிதத்தைப் பாருங்கள். பஞ்சாபில் ஐந்தில் ஒரு பங்கு. மதராஸில் பாதிக்குச் சற்றுக் குறைவு. 1917இல் சேர்ந்தவுடன் 50 ரூபாய் போனஸ் என்று அறிவித்தார்கள். நாலரை மாதச் சம்பளம் கையில் மொத்தமாக விழுவது கடன்பட்ட வீட்டுக்குச் சின்ன விஷயமல்ல.

தமிழ்ச் சிப்பாய்களின் பெயரைக் கெடுத்த இடம் ஜெர்மனியின் வசமிருந்த கிழக்கு ஆப்பிரிக்காவின் டாங்கா துறைமுகம். 1914 நவம்பர் 2 முதல் 5 வரை நடந்த தாக்குதலில் 63ஆவது பாளையங்கோட்டை லைட் இன்ஃபன்ட்ரி சிதறி ஓடியது உண்மை. ஆனால் அதற்கு முன் நடந்ததைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். பல வாரம் நெரிசலான கப்பலில் வாந்தியோடு கிடந்தார்கள். அந்தப் படையில் சில பட்டாலியன்களுக்குப் புது மாதிரித் துப்பாக்கி கொடுத்ததே கப்பலேறுவதற்குச் சற்று முன்புதான். இயந்திரத் துப்பாக்கியை எதிரில் பார்த்ததில்லை. துறைமுகத்தில் கண்ணிவெடி இருக்கிறதா என்று ஜெர்மானியரிடமே விசாரித்து, தாக்குதல் வரப்போகிறது என்பதை அவர்களுக்குத் தெரிவித்தாயிற்று. வேவு பார்க்காமல் இறக்கினார்கள். எண்ணாயிரம் பேர் கொண்ட அந்தப் படையை ஆயிரம் பேரளவில் இருந்த ஜெர்மானியத் தளபதி லெட்டோ-ஃபோர்பெக்கின் படை விரட்டியது. பிரிட்டிஷ் பட்டாலியனும் இந்தியாவின் மற்றப் பகுதிப் பட்டாலியன்களும் சேர்ந்துதான் பின்வாங்கின. பழி மட்டும் ராபர்ட்ஸின் பழைய கொள்கைக்குச் சாட்சியாக மதராஸ் தலையில் நின்றது.

மெசொப்பொத்தேமியாவில், அதாவது இன்றைய ஈராக்கில், கணக்கு வேறு. 1917 பிப்ரவரி 23 அன்று ஷும்ரான் வளைவில் டைகிரிஸ் ஆற்றைக் கடந்ததில் மதராஸ் சாப்பர்ஸுக்குப் பங்குண்டு. விடியும் முன் தோணிகளில் முதல் அணியை எதிர்க்கரைக்குக் கொண்டுபோக வேண்டும். துடுப்புப் போடுகிறவர் திருப்பிச் சுட முடியாது. போகும்போது படகு நிறைய ஆள், திரும்பும்போது காயம்பட்டவர், மறுபடி போக வேண்டும். ஓரிடத்தில் எதிர்க்கரையைப் பிடித்தால் போதும், மிதவைப் பாலத்தை அங்கே கோத்துவிடலாம் என்பதுதான் திட்டம். அன்று சாயங்காலத்துக்குள் பாலம் தயார். அடுத்த மாதம் பாக்தாத் விழுந்தது.

இந்தப் போர்முனையில் குண்டைவிட நோய் பெரிய எதிரி. பிரிட்டிஷ் சிப்பாய்க்கு வெள்ளை மாவு ரொட்டியும் டப்பா இறைச்சியும். அவர்களுக்கு பெரிபெரி என்னும் சத்துக்குறை நோய் வந்தது. இந்தியச் சிப்பாய்க்குக் கோதுமை மாவும் பருப்பும். பெரிபெரி குறைவு, ஆனால் பச்சைக் காய்கறி இல்லாததால் ஸ்கர்வி. ஈறு வீங்கி ரத்தம் கசியும், பழைய காயம் மறுபடி திறக்கும், முழங்கால் மடங்காது. 1916இன் பிற்பாதியில் மட்டும் 11,000க்கும் மேற்பட்ட இந்தியர்கள் இதனால் படுத்தார்கள். முளைகட்டிய பயறு இதைத் தடுக்கும் என்று ஆய்வில் தெரிந்து பரிந்துரைக்கப்பட்டது. படைகளே தோட்டம் போட்டன. பசரா வரை வந்த சரக்கை ஆற்றில் மேலே ஏற்றப் போதுமான படகுகள் இல்லை என்பதே அடிப்படைக் கோளாறு.

பிரான்ஸ் முனையைப் பற்றி நமக்கு நிறையத் தெரியும். காரணம் கடிதத் தணிக்கை. 1914 செப்டம்பர் 26 அன்று மார்சேய் துறைமுகத்தில் இறங்கத் தொடங்கிய லாகூர், மீரட் டிவிஷன்களின் கடிதங்களை ஓர் அலுவலகம் படித்து, ஆங்கிலத்தில் சுருக்கி, மேலிடத்துக்கு அனுப்பியது. அந்தச் சுருக்கங்கள் பிழைத்தன. "கறுப்பு மிளகு, சிவப்பு மிளகு" என்று இந்தியரையும் வெள்ளையரையும் குறிக்கும் மறைமொழியெல்லாம் அதில் உண்டு. பெரும்பாலும் உருது, குர்முகி, இந்திக் கடிதங்கள். மதராஸ் காலாட்படை இந்த டிவிஷன்களில் இல்லாததால் தமிழ்க் குரல் அந்தத் தொகுப்பில் அரிது. இந்தியச் சிப்பாயின் மனநிலை என்று இன்று எழுதப்படுவது பெரிதும் பஞ்சாபிச் சிப்பாயின் மனநிலைதான்.

அந்தக் கடிதங்களில் திரும்பத் திரும்ப வரும் குறை ஒன்று எல்லா முனைக்கும் பொருந்தும்: காயம் ஆறியவரை மறுபடி முனைக்கு அனுப்பினார்கள். ஒருமுறை ரத்தம் சிந்தினால் கடன் தீர்ந்தது, இனி வீட்டுக்குப் போகலாம் என்று சிப்பாய் எண்ணினார். ஒப்பந்தம் அப்படிச் சொல்லவில்லை. மாற்று ஆள் கிடைப்பதும் எளிதாயில்லை. ஒரு கம்பெனியில் செத்தவர் இடத்துக்கு அதே வகுப்பைச் சேர்ந்தவரைத்தான் போட வேண்டும். 1914இல் ஒரு பட்டாலியனில் பதின்மூன்று அளவிலிருந்த பிரிட்டிஷ் அதிகாரிகள் செத்தால் அந்த மொழி தெரிந்த இன்னொருவர் கப்பலில் வந்து சேர மாதங்கள் ஆகும். சவுக்கடித் தண்டனையும் இருந்தது. பிரிட்டிஷ் படையில் 1881இல் ஒழிந்தது, இந்தியருக்கு 1920 வரை சட்டத்தில் நீடித்தது.

வீட்டுக்குப் பணம் போனவிதம் இது: சிப்பாய் தன் சம்பளத்தில் ஒரு பங்கை வீட்டுக்கு ஒதுக்கி எழுதிக் கொடுப்பார். இந்தியாவிலேயே தங்கும் படைப்பிரிவு அலுவலகமான டெப்போ அதை மணியார்டராக அனுப்பும். முனையிலிருந்து டெப்போவுக்கு வரவேண்டிய பட்டியல் தாமதமானால் மணியார்டர் நிற்கும். மணியார்டர் நின்றால் ஊரில் ஒரே பொருள்தான்: ஆள் போய்விட்டார். அழுது, தாலி அறுத்து, மூன்று மாதம் கழித்து நிலுவையோடு பணம் வந்த வீடுகளும் இருந்திருக்கும். எதிரியிடம் பிடிபட்டவர்கள் விஷயம் இன்னும் மோசம். 1916 ஏப்ரல் 29 அன்று மெசொப்பொத்தேமியாவின் குட்-அல்-அமாராவில் இருந்த பிரிட்டிஷ் இந்தியப் படை துருக்கியரிடம் சரணடைந்தபின் கைதான இந்தியர்களில் யார் உயிரோடு இருக்கிறார் என்பதே நெடுங்காலம் தெளிவாகவில்லை.

ஊர் திரும்புதல்

1918 நவம்பரில் போர் நின்றது. சிப்பாய் அன்றே வீட்டுக்கு வரவில்லை. 1919இல் ஆப்கன் போர், 1920இல் ஈராக் கிளர்ச்சி. பலர் 1920, 1921 வரை படையிலேயே வைக்கப்பட்டார்கள். திரும்பியவர் டெப்போவில் துப்பாக்கி, கம்பளி, தோல் சாமான்களை ஒப்படைப்பார். குறைந்த சாமானுக்குப் பிடித்தம் உண்டு. கணக்குத் தீர்த்து, ஊருக்கு மிக அருகிலுள்ள ஸ்டேஷன் வரை ரயில் வாரண்ட் கொடுப்பார்கள். கையில் டிஸ்சார்ஜ் சர்டிபிகேட். அதில் நடத்தை பற்றி ஒரு வரி இருக்கும். போலீஸ், ரயில்வே, வனத்துறை, சுரங்கக் காவல் என்று எங்கே வேலை கேட்டாலும் அந்த ஒரு வரியைத்தான் முதலில் பார்ப்பார்கள்.

அவர் வந்திறங்கிய ஊரும் பழைய ஊராக இல்லை. போர்க்காலத்தில் தானியமும் துணியும் மண்ணெண்ணெயும் எக்கச்சக்கமாக விலை ஏறியிருந்தன. 1918 செப்டம்பரில் சென்னையிலேயே கடைகளைச் சூறையாடிய பஞ்சக் கலவரம் நடந்தது. அதே ஆண்டின் விஷக் காய்ச்சல் இந்தியாவில் ஒரு கோடிக்கும் அதிகமானோரைக் கொன்றது. சிப்பாய் உயிரோடு வந்து, வீட்டில் பாதிப் பேர் இல்லை என்ற நிலை அபூர்வமல்ல.

இனி பென்ஷன். போர் முடியும்வரை என்று எடுக்கப்பட்டவருக்கு அது கிடையாது. ஒருமுறைத் தொகை ஒன்றோடு சரி. கை கால் இழந்தவருக்கு மருத்துவக் குழு ஊன அளவைக் கணித்துப் பென்ஷன் தரும். ஊனம் கண்ணுக்குத் தெரிந்தால் சிக்கலில்லை. மலேரியாவில் மண்ணீரல் வீங்கியவர், நெஞ்சில் நச்சுவாயு ஏறியவர், தூக்கத்தில் கத்துகிறவர் ஆகியோருக்கு "பணியால் வந்தது" என்று நிரூபிப்பது கடினம். பழைய நிரந்தரச் சிப்பாய்க்குத்தான் உண்மையான பென்ஷன் வாய்ப்பு. இங்கேதான் சிம்லாவின் சிக்கனம் குறுக்கிட்டது. 1922இல் "கர்நாடிக்" என்ற பெயர் தாங்கிய எஞ்சிய மதராஸ் பட்டாலியன்களைத் திரட்டி 3ஆவது மெட்ராஸ் ரிஜிமென்ட் என்று பெயரிட்டார்கள். 1928க்குள் அதன் நிரந்தரப் பட்டாலியன்கள் எல்லாம் கலைந்துவிட்டன. பாதை போடுவது போன்ற வேலைகளைச் செய்த மெட்ராஸ் பயனீர்ஸ் படை 1933இல் போனது. சாப்பர்ஸ் மட்டும் நின்றது. பத்துப் பன்னிரண்டு ஆண்டு பணி செய்து, பென்ஷன் தகுதிக்கு இன்னும் சில ஆண்டு பாக்கி என்ற நிலையில் படை கலைந்தால் என்ன ஆகும்? வேறு படைப்பிரிவில் இடம் கிடைத்தால் அதிர்ஷ்டம். இல்லாவிட்டால் கொஞ்சம் பணம், ஒரு சான்றிதழ்.

பஞ்சாபோடு ஒப்பிட்டால் வித்தியாசம் பளிச்சென்று தெரியும். அங்கே கால்வாய்க் காலனிகளில் புது நிலம் இருந்தது, விருது பெற்றவர்களுக்கும் ஜமாதார், சுபேதார்களுக்கும் அதிலிருந்து பங்கு போயிற்று. சாதாரணச் சிப்பாய்க்கு அங்கேயும் எளிதாகக் கிடைக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஆனால் அரசு மறுபடி ஆள் எடுக்க நினைத்த மாகாணம் அது. திரும்பியவரைத் திருப்தியாக வைத்திருக்க வேண்டிய அவசியம் இருந்தது. மதராஸ் ரயத்துவாரி மாகாணம், அதாவது உழவர் அரசுக்கே நேராக வரி கட்டும் இடம். தரிசு நிலம் வேண்டுமென்றால் தாசில்தாருக்குத் தரக்காஸ்து போட வேண்டும். கர்ணம் அறிக்கை எழுத வேண்டும். அந்தத் தரிசில் ஏற்கெனவே மாடு மேய்க்கும் ஊர்ப் பெரியதனக்காரருக்குக் கர்ணம் வேண்டியவர். விண்ணப்பிப்பவர் சேரிக்காரராக இருந்தால், பாக்தாத் பார்த்தவர் என்பதால் கர்ணத்தின் பேனா வேகமாக ஓடிவிடாது.

பென்ஷன் கிடைத்தவருக்கும் தாலுகா கஜானா ஒரு சடங்கு. அடையாளத் தாளில் உயரம், மச்சம், தழும்பு எழுதியிருக்கும். "இடது முழங்கையில் தழும்பு" என்றால் சட்டையை மடித்துக் காட்ட வேண்டும். உயிரோடிருப்பதற்குச் சான்று, பெருவிரல் ரேகை. இருபது மைல் நடந்துவந்து, குமாஸ்தா வரவில்லை என்று திரும்ப நேர்வதுண்டு. விதவைக்கு வரும் குடும்பப் பென்ஷன் மறுமணம் செய்தால் பொதுவாக நின்றுவிடும். ஊரில் யாராவது மொட்டைக் கடிதம் போட்டால் போதும், விசாரணை முடியும்வரை பணம் நிற்கும்.

பதக்கத்திலும் தரப்பிரிவு. பிரிட்டிஷ் வார் மெடல் சிப்பாய்க்கு வெள்ளி, கூலிப்படைகளில் போனவர்களுக்கு வெண்கலம். வெள்ளிப் பதக்கம் ஏறத்தாழ ஓர் அவுன்ஸ். அது எத்தனை வீடுகளில் ஆசாரியின் உலைக்குப் போயிருக்கும் என்று சொல்லவே வேண்டாம்.

எல்லைக்கு அந்தப் பக்கம் ஒரு சொல்தா

கடலூரிலிருந்து கூப்பிடு தூரத்தில் பாண்டிச்சேரி. அங்கிருந்தும் தமிழர்கள் பிரெஞ்சுப் படையில் போரிட்டார்கள். கடற்கரைச் சாலையில் அவர்களுக்கான நினைவுச்சின்னம் 1938இல் எழுந்தது. ஊரில் அவர்களுக்குப் பெயர் "சொல்தா". 1881 செப்டம்பர் 21 ஆணைப்படி சொந்தச் சாதி, மதச் சட்டங்களைத் துறந்து பிரெஞ்சு சிவில் சட்டத்தை ஏற்றவர்கள் பிரெஞ்சுக் குடிமக்களாகப் படையில் சேரலாம். அப்படிச் சேர்ந்த சிப்பாய்க்குப் பதினைந்து ஆண்டுப் பணியில் விகிதாசாரப் பென்ஷன், அதுவும் பிரான்ஸ்காரரின் விகிதத்தில். மெசொப்பொத்தேமியா போய்வந்த வட ஆற்காட்டுக்காரரும் இந்தோசீனா போய்வந்த பாண்டிச்சேரிக்காரரும் ஒரே மொழி பேசினார்கள், பேரப்பிள்ளைகளின் வீடுகள் மட்டும் ஒரே மாதிரி இல்லை.

பிரான்ஸ் தாராளமானது என்று இதிலிருந்து முடிவு கட்டிவிட வேண்டாம். செனகல், மொராக்கோ, அல்ஜீரியா முதலிய காலனிகளிலிருந்து போரிட்டவர்களுக்கு 1959 டிசம்பர் 26 நிதிச் சட்டமும் அதன் வழியில் பின்னால் வந்த சட்டங்களும் பென்ஷனை அந்தந்த நேரத்து அளவிலேயே உறைய வைத்தன. பிரான்ஸ்காரருக்கு விலைவாசியோடு ஏறிக்கொண்டே போக, இவர்களுக்குப் பல பத்தாண்டுகள் ஏறத்தாழ அதே தொகை. 2000களில்தான் சரிசெய்யத் தொடங்கினார்கள். பாண்டிச்சேரிச் சொல்தா தப்பியது குடியுரிமைத் தாளால்தான். 1962 ஆகஸ்ட் 16இல் பாண்டிச்சேரி சட்டப்படி இந்தியாவுடன் சேர்ந்தபின் பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ள வழி இருந்தது.

மறுபடி திறந்த கதவு

இரண்டாம் உலகப்போரில், 1941–42இல், ஜப்பான் வந்தது. போர்க்குணம் இல்லாதவர்கள் என்று கலைக்கப்பட்ட மெட்ராஸ் ரிஜிமென்ட் மறுபடி எழுப்பப்பட்டது. இந்தப் போரில் ஆள் கொடுத்ததில் பஞ்சாபுக்கு அடுத்த இடம் மதராஸ் மாகாணத்துக்கு. காரணம் எளியது: இது லாரி, கம்பியில்லாத் தந்தி, பணிமனைப் போர். எழுதப் படிக்கத் தெரிந்தவனும் ஸ்பேனர் பிடிக்கத் தெரிந்தவனும் தேவை. 1944 பிப்ரவரி 24 அன்று இத்தாலியின் மிஞானோ அருகே வெடிக்கப்போன கண்ணிவெடியின் மேல் விழுந்து மற்றவர்களைக் காப்பாற்றி இறந்த மதராஸ் சாப்பர்ஸ் சுபேதார் சுப்பிரமணியனுக்கு, பிரிட்டனின் உயர்ந்த வீர விருதுகளில் ஒன்றான ஜார்ஜ் கிராஸ் கிடைத்தது.

1945க்குப் பிறகு திரும்பியவர்களில் ஓட்டுநரும் மெக்கானிக்கும் சற்றுத் தப்பினார்கள். பஸ் கம்பெனிகளுக்கும் மில்களுக்கும் அவர்கள் தேவைப்பட்டார்கள். துப்பாக்கி மட்டும் பிடித்தவருக்கு 1919இன் நிலைதான். போருக்காக மட்டும் எடுக்கப்பட்டவர் என்பதால் இவர்களில் மிகப் பெரும்பாலோருக்குப் பென்ஷன் இல்லை. இன்று மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம் வழியாக, பென்ஷன் இல்லாத இரண்டாம் உலகப்போர் வீரருக்கோ அவர் விதவைக்கோ மாத உதவித்தொகை வருகிறதே, அது இந்த இடைவெளியை அடைக்கத்தான். அந்த அலுவலகங்களின் வேரும் 1919இல் தொடங்கிய இந்தியச் சிப்பாய்கள் வாரியத்தில்தான் இருக்கிறது.

பெயர் தேடுகிறவர்களுக்கு

தமிழ்நாட்டுக் கிராமங்கள் சிலவற்றில் சுவரில் பதித்த ஒரு கல் பலகையைப் பார்க்கலாம். ஆங்கிலத்தில் இரண்டே வாக்கியம்: இந்தக் கிராமத்திலிருந்து இத்தனை பேர் 1914–1919 பெரும்போருக்குச் சென்றார்கள், அவர்களில் இத்தனை பேர் உயிர் ஈந்தார்கள். எண்ணிக்கை உண்டு, பெயர் இல்லை. ஈராக்கில் பசரா நினைவுச்சின்னத்திலும் இதே கதை. பிரிட்டிஷ் சிப்பாய்க்குப் பெயர். இந்தியரில் அதிகாரிகளுக்குப் பெயர். மற்ற இந்தியருக்குப் படைப்பிரிவும் எண்ணிக்கையும். காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையம் 2021இல் வெளியிட்ட அறிக்கை, இந்தியர், ஆப்பிரிக்கர், எகிப்தியர் உள்ளிட்ட 45,000 முதல் 54,000 பேர் சமமின்றி நினைவுகூரப்பட்டதாகவும், குறைந்தது 1,16,000 பேர் நினைவுகூரப்படவே இல்லை என்றும் ஒப்புக்கொண்டது.

வீட்டில் பரண் மேல் பதக்கம் கிடந்தால் முகப்பைவிட விளிம்பைப் பாருங்கள். எண், பதவி, பெயர், படைப்பிரிவுச் சுருக்கம் பொறித்திருக்கும். பிரஷ் போட்டுத் தேய்க்காதீர்கள், எழுத்து மழுங்கும். லேசான வெளிச்சத்தைப் பக்கவாட்டில் விழச்செய்து கைபேசியில் படமெடுத்தால் போதும். அந்த நான்கில் படைப்பிரிவுதான் உயிர்நாடி, ஏனென்றால் எண் அதற்குள் மட்டும்தான் தனித்தது. இறந்தவர் என்றால் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையப் பட்டியலில் பெயரை ஐந்தாறு எழுத்துக்கூட்டலில் தேட வேண்டும்: முனுசாமி, முனிசாமி, மூனிசுவாமி. தகப்பன் பெயரும் ஊரும் பல பதிவுகளில் இருப்பதால் அவற்றை வைத்துச் சலிக்கலாம். உயிரோடு திரும்பியவர் என்றால் பாதை கடினம். சாப்பர்ஸ்காரருக்குப் பெங்களூரில் மெட்ராஸ் எஞ்சினியர் குரூப்பின் ஆவணப் பிரிவு இருக்கிறது. கலைக்கப்பட்ட பட்டாலியன்காரருக்கு அப்படி ஒரு வாரிசு அலுவலகம் இல்லை. லண்டனில் கியூ ஆவணக் காப்பகத்திலுள்ள படைப்பிரிவு நாட்குறிப்பை வைத்து அந்தப் பட்டாலியன் எந்தத் தேதியில் எங்கே இருந்தது என்பதைத்தான் அறியலாம். சிப்பாய்களின் பெயரை அந்த நாட்குறிப்புகள் அநேகமாகக் குறிப்பதில்லை. "சாதாரணச் சிப்பாய் இருவர் காயம்" என்ற அளவோடு நிற்கும்.